தகரத்தில் விழும் சொட்டு

பல மரம் கண்ட தச்சன்
ஒரு மரமும் வெட்டான் என்று
என்னைப் பார்த்துத்தான் சொல்லிவைத்திருக்க வேண்டும்.
கொஞ்சம் தையல், கொஞ்சம் வெல்டிங்,
சர்வேயர் படிப்பில் பாதி,
கீபோர்டில் மூன்று பாட்டு, அதிலும் இடது கை வராது.
பிழைப்பு காப்பீட்டுக் கம்பெனியில்.
வருகிற விண்ணப்பத்தை மறுக்க
ஒரு காரணம் கண்டுபிடிப்பது.
அதில் மட்டும் நான் கெட்டிக்காரன்,
நாளைக்கு நாற்பது.

முருகேஷ்பாளையாவில் வீடு.
மழை விட்ட பிறகும்
நான்காம் மாடி விளிம்பிலிருந்து
ஸ்கூட்டர் கொட்டகைத் தகரத்தில்
டக்.
அடுத்ததை எதிர்பார்ப்பதை
விட்டுவிட்ட நேரம் பார்த்து
டக்.

நர்ஸ் ஜெசிந்தா, ஷிப்ட் மாறிமாறி உறங்குபவர்,
அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்:
‘இந்தச் சத்தத்தைக் கொல்லுங்கள், அல்லது என்னை.’
அசோசியேஷன் கூடியது.
எழுபதாயிரத்துக்கு எஸ்டிமேட் வந்தது,
பிஸ்கட் தீர்ந்தது,
கலைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஏணியோடு கீழே இறங்கினேன்.
யாரும் கேட்கவில்லை, சம்பளமில்லை,
தப்பானால் மெயில் வராது.
அந்த ஒரு நினைப்பே
முதுகில் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது.

பீங்கான் பல்லுக்கு நிறம் பூசும் ரஹ்மத்துல்லா
மெழுகை உருக்கிக்கொண்டு வந்தார்.
ஆடிட்டர் வேதநாயகி கைக்கடிகாரத்தைப் பார்த்து
‘நிமிஷத்துக்கு முப்பத்தொன்று’ என்றார்.
வால்வோ பஸ் ஓட்டும் சாம்பசிவத்துக்கு
அன்று விடுப்பு.
ஏணியைப் பிடித்துக்கொண்டு
நிறைய சந்தேகம் கேட்டார்.

முதலில் ஸ்பான்ஜ். ஒரு மணி நேரம் அமைதி,
பிறகு ஊறிப்போய்
டக் என்பது டபக் ஆனது.
மெழுகுக்கரை கட்டினோம்.
சொட்டு ஒரு சாண் நகர்ந்து
சாம்பசிவத்தின் சீட்டில் விழுந்தது.
மூன்றாம் ஞாயிறு வேதநாயகி கேட்டார்:
‘விழுந்தால்தானே சத்தம்?
விழாமல் இறங்கினால்?’

நைலான் கயிற்றைத் தண்ணீர் சட்டை செய்யவில்லை.
பருத்தி நூல் எட்டுப் புரி முறுக்கினேன்.
பாதிப் படிப்பு சாய்வைச் சொன்னது.
காற்றில் ஆடாமலிருக்க
நுனியில் ஒரு நட்டு.
கொட்டகையைத் தாண்டிச் சாக்கடை வாய் வரை
சரிவாக இழுத்துக் கட்டினோம்.
வெல்டிங்குக்கு வேலை வரவில்லை,
கீபோர்டுக்கும்.

நான்காவது வாரம், புதன் இரவு, நல்ல மழை.
விட்டதும் டார்ச்சோடு போனோம்.
விளிம்பில் ஒரு சொட்டு
திரண்டது, தயங்கியது,
நூலைத் தொட்டுப் பார்த்தது,
வழுக்கிப் போனது.
பின்னாலேயே இன்னொன்று.
காலையில் வேலைக்குப் போகவேண்டிய நான்கு பேர்
தகரத்துக்கு அடியில் காதை வைத்து
ஒன்றுமே கேட்காமல்
வெகுநேரம் நின்றோம்.

மறுநாள் ஜெசிந்தாவிடம் சொன்னோம்.
‘எந்தச் சத்தம்?
பதினஞ்சு நாளா காதில பஞ்சு வெச்சுத்
தூங்குறேனே.’
ரஹ்மத்துல்லா சிரித்துச் சிரித்து
படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை நாற்பதில் ஒன்று:
நீர்க்கசிவு, படுக்கையறைச் சுவர் பாழ்.
மறுக்கக் காரணம்
பத்து மணி பத்துக்கே கிடைத்துவிட்டது.
ஆனாலும் புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
எந்த மூலையில் நுழைந்திருக்கும்,
எதைப் பிடித்து இறங்கியிருக்கும் என்று, டீ வரும்வரை.
காரணத்தை எழுதினேன்.
ஓரத்தில் பென்சிலால்
தண்ணீர் வந்த வழியையும் வரைந்தேன்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இந்த ஞாயிறு சாம்பசிவம்
தன் சலூன்காரர் கெம்பண்ணாவைக் கூட்டிவந்திருக்கிறார்.
முடி வெட்டிக்கொள்பவர்கள்
சுவர்க் கடிகாரத்தைக் கண்ணாடியில்தான் பார்க்கிறார்கள்,
குழம்பிப்போய் அவசரப்படுத்துகிறார்கள்.
கண்ணாடிக்குள் சரியாக ஓடும் கடிகாரம் வேண்டும்.
எண்களைத் திருப்பி எழுதிவிடலாம்.
முள்ளை எப்படி?
‘பஸ்ஸுல பாதி வாழ்க்கை கண்ணாடியிலதான் பாக்குறேன்,
எனக்கு விடுங்க’ என்கிறார் சாம்பசிவம்.

ஸ்கூட்டர் சீட்டின் மேல்
திறந்து கிடக்கிறது கடிகாரம்,
அரிசியை விடச் சின்னப் பற்சக்கரங்கள்,
அதன் மேல் ஐந்து தலைகள்.

‘யாரும் தும்மிடாதீங்க’ என்கிறார் ரஹ்மத்துல்லா.